சீப்பு விளம்பரத்தின் குரல்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் ஒல்ஃபா ராதியாவிடம் ஃபோனில் சொன்னது ஒரே ஒரு வரி.

"அம்மா வலது கையைத் தூக்க மாட்டேங்கறாங்க, காலா." சித்தியை அவள் காலா என்றுதான் கூப்பிடுவாள்.

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. துனிஸிலிருந்து பிஸெர்த்தாவுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். ராதியா போகவில்லை. புதன்கிழமைக் கூட்டம் முடியட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அக்காவுக்குத் தோள் வலியாகத்தான் இருக்கும், முப்பது வருடம் மாவு தட்டிய கை தேயாமல் என்ன செய்யும் என்றும் சொல்லிக்கொண்டாள்.

பெண்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் இந்த மாதிரிச் சமாதானங்களைக் கேட்டு எழுதி வைப்பதுதான் இருபத்தைந்து வருடங்களாக அவளுடைய வேலை. அதனால் தன் சமாதானத்தை அவளாலேயே நம்ப முடியவில்லை.

புதன் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. நாலாவது மாடியிலிருந்து இறங்கி வந்தவளை வாசல் காவலர் ஸாலா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார்.

"டாக்டரம்மா, கடைவாய்ப் பல்லு உயிரை எடுக்குது. என்ன மாத்திரை போடலாம்?"

"நான் அந்த டாக்டர் இல்லையே, மாமா. நோயைப் பத்தி டிவில என்ன சொல்றாங்க, அதைக் கேட்டு சனங்க என்ன பண்றாங்கன்னு பாக்கற டாக்டர்."

"சரி, இந்தப் பல்லுக்கு டிவில என்ன சொல்றாங்க?"

அவள் சிரித்துவிட்டாள். அன்று காலை அவள் பேசிய முதல் பேச்சு அது. யோசித்துப் பார்த்தால், முந்தின நாள் மாலை பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பிய பிறகு பேசிய முதல் பேச்சும் அதுதான்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள் என்று வானொலியில் வந்த அறிவிப்புகளை, இருபத்தாறு வயதில் கோடு போட்ட நோட்டில் எழுதி எண்ண ஆரம்பித்தவள். ஒரு அறிவிப்பு ஒரு தாயின் காதில் விழுகிறது. அவள் எழுந்து போய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாளா, இல்லையா? அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு மலையோரக் கிராமங்கள் வரை வீடு வீடாக ஏறி இறங்கினாள். அதில்தான் ஆராய்ச்சிப் பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது, பேராசிரியர் என்ற பெயரும் கிடைத்தது.

ஊரார் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தவளுக்குத் தன் வீடு காலியானது தாமதமாகத்தான் தெரிந்தது. லியோனுக்கு வேலைக்குப் போன கணவனுக்கு அங்கேயே வேறு குடும்பம் ஆகிப் பதினாலு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. உறவென்று சொல்ல பிஸெர்த்தாவில் அக்கா நெஸிஹாவும் அக்கா மகள் ஒல்ஃபாவும்தான்.

அந்த அக்காவும் போன நோன்பிலிருந்து அவள் ஃபோனை எடுப்பதில்லை. எப்போது கூப்பிட்டாலும் ஒல்ஃபாதான் எடுப்பாள். "அம்மா கை மாவா இருக்கு" என்பாள். "அம்மா தூங்கறாங்க" என்பாள். பெருநாளைக்கு வராத கோபம் என்று ராதியா நினைத்திருந்தாள்.

*

ஏரிக்கரையில் நர்ஜிஸ் அறக்கட்டளையின் கண்ணாடிக் கட்டடம். கூட்ட அறைக்கு வெளியே துறைத்தலைவர் லம்ஜெத் நின்றுகொண்டிருந்தார்.

"ஆறாவது அட்டவணை இன்னும் உள்ளயா இருக்கு?"

"இருக்கு, உஸ்தாத்."

"நேத்தே சொன்னேனே, ராதியா."

"அது தப்பான கணக்கு இல்ல. மூணு தடவை சரி பாத்தாச்சு."

"தப்புன்னு யாரு சொன்னா? இன்னைக்கு வேணாம்னுதான் சொல்றேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "தலெண்டா அம்மா இன்னைக்கு நம்ம ஆராய்ச்சி மையத்துக்குக் கையெழுத்துப் போடப் போறாங்க. ஆறு பசங்களுக்கு வேலை. தலைமை நீங்க. இத்தனையும் அந்தச் சீப்புப் படத்தை நம்பித்தான். அதுவே தப்புன்னு நீங்களே போய்ச் சொன்னா எப்படி? அடுத்த வருஷம் ஏதாவது ஒரு இதழ்ல போட்டுக்குங்க. யாரு வேணாங்கறா?"

சீப்புப் படம் என்று அவர் சொன்னது நாற்பது நொடி விளம்பரம். ஆறு வருடங்களுக்கு முன்னால் மார்பகப் புற்றுநோய்க்காக அறக்கட்டளை எடுத்தது. பயம் இருந்தால்தான் மனத்தில் நிற்கும் என்று யோசனை சொன்னவள் ராதியா. ஒரு பெண் கண்ணாடி முன் தலை வாருகிறாள். கை சட்டென்று மார்போரம் நிற்கிறது. முகம் மாறுகிறது. மறுபடியும் வாருகிறாள். நாட்காட்டித் தாள்கள் கிழிந்து கிழிந்து விழுகின்றன. கடைசியில் கண்ணாடி முன் சீப்பு மட்டும் கிடக்கிறது. அப்போது ஒரு பெண் குரல் சொல்லும்: "இன்று பார்க்காதவள், நாளை இருக்க மாட்டாள்."

குரல் ராதியாவுடையது. அழைத்து வந்த அறிவிப்பாளர் பேசினால் செய்தி வாசிப்பது போல் இருக்கிறது என்று இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "நீங்களே சொல்லிப் பாருங்க, டாக்டர். உங்க குரல்ல ஒரு பாரம் இருக்கு." ஒரே முயற்சியில் பதிவாகிவிட்டது. படத்துக்கு இரண்டு விருதுகள் கிடைத்தன. தெருவில் யாருக்கும் அவள் முகம் தெரியாது. குரலைத் தெரியாத வீடு இல்லை.

ஆறாவது அட்டவணை அந்தப் படத்தைப் பற்றியதுதான். மார்பில் கட்டியைக் கண்டுபிடித்த ஆயிரத்து நூற்று நாற்பது பெண்களை இரண்டு வருடம் தேடிப் பிடித்து, கட்டி தெரிந்த நாளுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று கேட்டிருந்தாள். படத்தை அதிகம் பார்த்தவர்கள்தான் அதிகம் தாமதித்திருந்தார்கள். இரண்டு மடங்கு. படத்தை எத்தனை முறை பார்த்திருந்தாலும் தாமதிக்காமல் போனவர்கள் ஒரு சிறு கூட்டம். அவர்களிடம் யாரோ ஒருவர் "வா, நானும் கூட வர்றேன்" என்று சொல்லியிருந்தார்.

கூட்டத்தில் எட்டுப் பேர். அறக்கட்டளையின் தலைவி தலெண்டா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுக் கேட்டார். ஐந்தாவது அட்டவணை வரைக்கும் எல்லோர் முகத்திலும் மகிழ்ச்சி. பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் படம் ஞாபகம் இருக்கிறதே, சும்மாவா?

"அதனாலதான் வர்ற நோன்பு முப்பது நாளும் போடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்," என்றார் தலெண்டா. "நோன்பு திறந்ததும் ஊரே டிவி முன்னாடிதான் இருக்கும். அந்த நேரத்துக்கு இடம் வாங்கியாச்சு. பேராசிரியர், இதுல நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது வேற ஏதாவது இருக்கா?"

நேரான கேள்வி. லம்ஜெத் மேசையில் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

ராதியா பொத்தானை ஒரு முறைக்கு இரண்டு முறையாக அழுத்தினாள். ஆறாவது அட்டவணை கண்ணிமைக்கும் நேரம் திரையில் தெரிந்து மறைந்தது. ஏழாவது வந்து நின்றது.

"இல்லை," என்றாள்.

கையெழுத்து ஆயிற்று. பேரீச்சம்பழப் பணியாரம் தட்டில் வந்தது. லம்ஜெத் அவள் தோளைத் தட்டினார். வாயில் போட்டதைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் ராதியா வெளியே வந்தாள்.

*

பாப் சாதூன் வண்டி நிலையத்தில் பிஸெர்த்தா வேன் நிரம்ப ஒரு ஆள் குறைந்தது. அந்த ஒரு ஆள் ராதியா.

பக்கத்து இருக்கையில் மடியில் ஆரஞ்சுக் கூடையோடு ஒரு அம்மாள். வண்டி நகரத்தைத் தாண்டுவதற்குள் தன் மூட்டுவலி, மருமகளின் சமையல், ஓட்டுநரின் வேகம் மூன்றையும் பேசி முடித்துவிட்டார். ராதியா ஒன்றிரண்டு முறை "ஆமாம்மா" என்றாள்.

"உன் குரலை எங்கயோ கேட்டிருக்கேன்," என்றார் அம்மாள். "ரேடியோல பேசறியா?"

"இல்லம்மா. பல்கலைக்கழகத்துல பாடம் எடுக்கறேன்."

"இல்ல, கேட்டிருக்கேன். நல்ல இடத்துல கேட்ட மாதிரியும் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "ஆங். அந்தச் சீப்பு விளம்பரத்துல ஒருத்தி பேசுவா பாரு, அப்படியே இருக்கு. கோவிச்சுக்காதம்மா. உன்னைச் சொல்லல."

"அதுல என்ன கோபம்."

"என் மருமக அது வந்தாலே டிவியை அணைச்சிடுவா. வீட்டுக்குள்ள ஏதோ நுழைஞ்ச மாதிரி."

தன்னை அறியாமல் ராதியா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "ஏன் அணைக்கறாங்க?"

"பின்ன? போய்ப் பாருன்னு சொன்னா போகலாம். செத்துப்போவேன்னு சொன்னா? செத்துட்டதா முடிவே பண்ணிட்டாங்களே, அப்புறம் எதுக்குக் காசைக் கரியாக்கி ஆஸ்பத்திரிப் படி ஏறணும்?"

இரண்டு வருடம், ஆயிரத்து நூற்று நாற்பது பெண்கள். ஆறாவது அட்டவணையை அந்த அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஒரு பாதியை ராதியாவின் கையில் திணித்தார்.

பிஸெர்த்தா வாசலில் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். வண்டிகள் நீள வரிசையாக நின்றன. ஓட்டுநர் எஞ்ஜினை நிறுத்திவிட்டுக் கதவில் சாய்ந்தார். கால்வாயில் ஒரு சரக்குக் கப்பல் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் அக்கா வீட்டுத் தெருவின் வெள்ளைச் சுவர்கள் தெரிந்தன. ராதியா ஒல்ஃபாவைக் கூப்பிட்டாள்.

"பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கேன்."

"அம்மாகிட்ட சொல்லட்டுமா, காலா?"

"வேணாம்."

"நானும் அதான் நினைச்சேன். சொன்னா எங்கயாவது கிளம்பிடுவாங்க."

*

பழைய துறைமுகத்துக்குப் பின்னால் மாடி வீடு. அக்காவின் கணவர் மொன்ஜி மீன்படகில் போனால் வாரத்தில் நாலு நாள் கடலில்தான். கீழ் அறையில் நெஸிஹா, முட்டையை மடித்துப் பொரிக்கும் ப்ரிக் பலகாரத்துக்கான மாவுத் தாள் தட்டிக் கடைகளுக்குக் கொடுப்பாள். சூடான தட்டில் ஈர மாவு உருண்டையைத் தட்டித் தட்டி எடுக்க, மெல்லிய தாளாக ஒட்டிக்கொண்டு வரும். நோன்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

மருந்துக்கடை வேலையிலிருந்து மதியத்தோடு ஓடி வந்திருந்த ஒல்ஃபா, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். உள்ளே கை காட்டினாள்.

நெஸிஹா இடது கையால் தட்டிக்கொண்டிருந்தாள். வலது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. பக்கத்துக் கூடையில் கிழிந்த தாள்கள்.

"வாங்க, பேராசிரியர்," என்றாள் திரும்பாமல். "என்ன, இந்தத் தெருவுலயும் கேள்வித்தாள் கொடுக்க வந்தீங்களா?"

"எப்படி இருக்கேக்கா?"

"பாத்தா தெரியலையா? குண்டா இருக்கேன்."

இளைத்திருந்தாள். கன்னத்து எலும்பு தெரிந்தது.

"வலது கையைக் கொஞ்சம் தூக்கு."

"தட்டு காயுது. மாவு கருகும்."

ஒல்ஃபா போய் அடுப்பை அணைத்தாள். "இப்ப கருகாது. அம்மா, போதும்மா."

நெஸிஹா மாவு உருண்டையைக் கிண்ணத்தில் வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் விரல் விரலாகத் துடைத்தாள். மகளைப் பார்க்காமல் தங்கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"போன நோன்புல. பத்தாவது நாளு. குளிக்கும்போது."

பதினோரு மாதம். ஒல்ஃபா வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். தோள் வலி என்று நம்பி அவள் எத்தனை தைலம் வாங்கி வந்திருந்தாள்.

ராதியாவுக்குத் தெரிந்தது பேசுவதுதான். பேசினாள். "அக்கா, கேளு. இதுல பயப்பட ஒண்ணும் இல்ல. இப்பல்லாம் நல்ல மருந்து இருக்கு. சீக்கிரமே பாத்துட்டா பெரும்பாலானவங்க பொழச்சுக்கறாங்க. ஆனா இனிமே ஒரு நாளுகூடத் தள்ளக் கூடாது. தள்ளினா..."

நெஸிஹா இரண்டு காதையும் பொத்தப் போனாள். வலது கை பாதிக்கு மேல் ஏறாமல் நின்றது. அந்தக் காதை மூட முடியவில்லை.

"பேசாத."

"அக்கா, நான் சொல்றது..."

"அந்தக் குரல்ல என்கிட்ட பேசாதடி."

ராதியா நிறுத்தினாள்.

"அன்னைக்குக் காலையில கட்டியைப் பாத்தேன். சாயந்திரம் நோன்பு திறந்து ஒரு வாய் சூப்பு வைக்கல. டிவில நீ. நாளை இருக்க மாட்டாள்னு சொல்றே. என் கூடப் பொறந்தவ. மொன்ஜி வேற, 'உன் தங்கச்சி, உன் தங்கச்சி'ன்னு சத்தத்தை ஏத்தி வைக்கறாரு. எழுந்து அடுப்படிக்குப் போய் நின்னேன். அங்கயும் கேக்குது."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்படிச் சொல்றது? நீ ஃபோன் பண்ணி, நல்லா இருக்கியாக்கான்னு கேப்பே. எனக்கு அது கேக்காது. மத்ததுதான் கேக்கும். அதான் எடுக்கறதை விட்டேன்." அவள் குரல் உயரவில்லை. களைத்துப்போன குரல். "ஆயிரம் பொம்பளைங்க வீட்டுக்குப் போனேன், உக்காந்து கேட்டேன்னு பெருமையா சொல்லுவியே. இந்த வீட்டுக்கு வந்து என்னை ஒரு தடவை கேட்டியா?"

ராதியா கேட்டதில்லை.

*

ராதியா மொட்டைமாடிக்கு ஏறினாள். மழை விட்டிருந்தது. காயப்போட்ட வலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தலெண்டாவின் எண்ணைத் தேடி எடுத்து, அழுத்தாமல் சற்று நேரம் கையில் வைத்திருந்தாள். மைய வேலைக்குக் காத்திருந்த அந்த ஆறு பேரின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு பேருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை உறுதியென்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

அழுத்தினாள்.

"சொல்லுங்க, பேராசிரியர். சாப்பாட்டுக்கே நிக்காம போயிட்டீங்க."

"காலையில ஒரு கேள்வி கேட்டீங்க. இல்லைன்னு சொன்னேன். அது பொய். ஒரு பக்கத்தைத் தாண்டிப் போனேன்."

சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல், அந்த அட்டவணையில் இருந்ததை அப்படியே சொன்னாள். நடுவில் ஒரு முறைகூடத் தலெண்டா குறுக்கிடவில்லை.

"லம்ஜெத்துக்கு இது தெரியுமா?"

"தாண்டினது என் விரல், அம்மா."

"இதை எழுத்துல அனுப்புவீங்களா?"

"அனுப்பறேன்."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேணும். மூணு வாரத்துல படம் ஓடணும், எல்லாம் பேசி முடிச்சாச்சு. எங்க குழு என்ன முடிவு எடுக்கும்னு எனக்குத் தெரியாது. மையத்துக்குப் போட்ட கையெழுத்து நிக்குமான்னும் தெரியாது. நீங்க காலையிலயே சொல்லியிருக்கலாம்."

"ஆமாம்."

வைத்துவிட்டார். பத்து நிமிடத்துக்குள் லம்ஜெத்தின் பெயர் ஃபோனில் வந்து வந்து அணைந்தது. ராதியா எடுக்கவில்லை. கீழே தெருவில் இரண்டு பெண்கள் ஒரே குடைக்குள் ஒட்டிக்கொண்டு நடந்து போனார்கள், மழை இல்லாதது தெரியாமல் பேசிக்கொண்டே. அவர்கள் முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

கீழே வந்தபோது அடுப்பு மறுபடியும் எரிந்துகொண்டிருந்தது. நெஸிஹா இடது கையால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒல்ஃபா கிழியாத தாள்களைப் பொறுக்கி அடுக்கினாள்.

ராதியா கோட்டைக் கழற்றினாள். கையைக் கழுவினாள். கிண்ணத்திலிருந்து ஒரு உருண்டையை எடுத்து இரண்டாவது தட்டில் தட்டினாள். மாவு தட்டில் ஒட்டாமல் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. மறுபடி தட்டினாள். நடுவில் ஓட்டையோடு ஏதோ ஒன்று வந்தது.

நெஸிஹா ஓரக்கண்ணால் பார்த்தாள். "அதுக்குப் பேரு தட்டறது இல்ல. அடிக்கறது."

"சொல்லிக் குடு."

"இந்த வயசுலயா? ஒல்ஃபா, இவ தட்டினதைத் தனியா வை. கோழிக்குப் போடலாம்."

ஒல்ஃபா அழுத முகத்தோடு சிரித்தாள். ராதியா தட்டிக்கொண்டே இருந்தாள். ஏழெட்டு ஓட்டைத் தாள்கள் சேர்ந்தன. பேசாமல் தட்டுவது ராதியாவுக்குக் கஷ்டமாக இருந்தது. வாய் வரைக்கும் வந்ததை ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

கடைசியில் நெஸிஹாதான் கேட்டாள். "போனா என்ன பண்ணுவாங்க?"

"வாசல்ல ஒரு பொண்ணு பேரு எழுதுவா. அப்புறம் பெஞ்சுல உக்காரணும். நேரம் ஆகும். உள்ள ஒரு லேடி டாக்டர் கையால தொட்டுப் பாப்பாங்க. அப்புறம் படம் எடுப்பாங்க. மெஷின்ல வச்சு அமுக்குவாங்க, வலிக்கும். ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுப்பாங்க. அன்னைக்கே பதில் தெரியாது."

"பதில் என்னவா இருக்கும்?"

"எனக்குத் தெரியாதுக்கா."

நெஸிஹா தட்டுவதை நிறுத்திவிட்டுத் தங்கையை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். இவள் தெரியாது என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"வெள்ளிக்கிழமை காலையில போலாம்," என்றாள் ராதியா. "நானும் கூட வர்றேன்."

"வந்து?"

"பக்கத்துல உக்காருவேன்."

"பேசிக்கிட்டே இருப்பியா?"

"நீ கேட்டா பேசறேன்."

நெஸிஹா அடுப்பைத் தானே அணைத்தாள். "உள்ள வா," என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குப் போனாள். ஒல்ஃபா எழப் பார்த்தாள். தாய் தலையசைத்து உட்காரச் சொன்னாள்.

அறையில் ஒரே ஒரு ஜன்னல். நெஸிஹா கட்டிலில் உட்கார்ந்து சட்டையின் மேல் பித்தான்களை இடது கையால் அவிழ்த்தாள். ராதியா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கையைக் குடு."

தங்கையின் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தாள் நெஸிஹா.

இருபத்தைந்து வருடம். எத்தனை கட்டுரை, எத்தனை மேடை. கட்டி என்ற சொல்லை ஆயிரக்கணக்கில் எழுதியவள், ஒரு கட்டியை இதுவரை தொட்டதில்லை. தோலுக்கு அடியில், நகராமல், வேகாத கொண்டைக்கடலை போல் கடினமாக இருந்தது. அதற்கும் அடியில் அக்காவின் இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் விரலுக்குத் தெரிந்தது.

நெஸிஹா கண்ணை மூடிக்கொண்டாள். ராதியா கையை மெதுவாக நகர்த்தினாள். கட்டியின் ஓரம். அதைத் தாண்டி விலா. அங்கிருந்து அக்குள். விரல் நின்றது.

அங்கே இன்னொன்று இருந்தது. சின்னது.

நோய் பரவியிருப்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம் என்று ராதியாவுக்குத் தெரியும். பேசாமல் கையை எடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை டாக்டர் சொல்லிக்கொள்ளட்டும். பயப்படுகிறவளிடம் இதை இப்போது சொன்னால், வருகிறேன் என்றவள் வராமலே போய்விடலாம். ஒரு பக்கத்தைத் தாண்டிப் போவது எவ்வளவு சுலபம் என்று அன்று காலையில்தான் பார்த்திருந்தாள்.

"அக்கா."

"ம்."

"இங்க அக்குள்ல இன்னொண்ணு இருக்கு."

நெஸிஹா கண்ணைத் திறந்தாள்.

"தெரியும்," என்றாள். "ரெண்டு மாசமா இருக்கு. சொல்றியா, மறைக்கறியான்னு பாத்தேன்."

வெளியே கப்பல் ஒன்று ஊதியது. நெஸிஹா தங்கையின் கையை உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, பிறகு பித்தான்களைப் போட ஆரம்பித்தாள். மேல் பித்தான் இடது கைக்கு வசப்படவில்லை. ராதியா போட்டுவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"எட்டுக்கு."

"ஏழரைக்கே போயிடலாம். வரிசை நிக்கும்." கதவுப் பக்கம் திரும்பினாள். "ஒல்ஃபா, இங்க வா. உன்கிட்ட நான் இன்னொண்ணும் சொல்லணும்."

ராதியா கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, நடுவில் இடம் விட்டாள்.